உமிச்சாம்பல் கல்லும் என் சந்தேகமும்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் பழைய பலகை லய வீடுகளை இடித்துவிட்டுக் கல்வீடு கட்டப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது முதல் இரண்டு நாள் எல்லாருக்கும் சந்தோஷம்தான். மூன்றாம் நாள் ஆபிஸில் கணக்கு எழுதும் கிராணி வாயிலிருந்து இன்னொரு விஷயம் கசிந்தது. சுவர் எழுப்பப் போகும் கல்லில் முழுச் சிமெண்டு கிடையாதாம். மூன்றில் ஒரு பங்கு உமிச்சாம்பலாம்.

"துரை பங்களாவுக்குச் சிமெண்டு, நமக்கு மட்டும் சாம்பலா?" என்று குழாயடியில் தொடங்கிய பேச்சு மாதா கோயில் வாசல்வரை வந்துவிட்டது. சாம்பலில் வீடு கட்டினால் மழைக்குக் கரைந்துவிடும் என்றார்கள் சிலர். நம்மைப் பரிசோதனை எலியாக வைத்துப் பார்க்கிறார்கள் என்றார்கள் சிலர். கடைசியில் எல்லார் கண்ணும் என் மேல் வந்து நின்றது. அந்தக் கல் செய்யும் தொழிற்சாலையில்தான் நான் வேலை செய்துகொண்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பீடோங்கிலிருந்து பஸ் ஏறி, சுங்கைப் பட்டாணியில் மாறி, திகாம் பத்துவில் இறங்கினால் பஸ் போகும் சடக்கு ஓரத்திலேயே தொழிற்சாலை. சிமெண்டுக் கல்லும் சாக்கடைக் கான் குழாயும் செய்யும் இடம். பள்ளியில் ஐந்தாம் பாரம்வரை சயன்ஸ் படித்த பெண் என்பதால் முதலாளியான தவுக்கே என்னைப் பரிசோதனை வேலைக்கு வைத்திருந்தார். வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு கலவையையும் இரும்பு அச்சில் ஊற்றி, நம்பர் போட்ட மூன்று சதுரக் கட்டிகளாக எடுக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் இருபத்தெட்டு நாள் ஊறப்போட வேண்டும். பிறகு அமுக்கும் இயந்திரத்தில் வைத்து, எந்த எண்ணில் கட்டி உடைகிறது என்று ஊசியைப் பார்த்து எழுத வேண்டும். கட்டி உடையும் சத்தம் எனக்குப் பிடிக்கும். எது நல்லது, எது மோசம் என்று அந்த ஒரு சத்தம் சொல்லிவிடும்.

உமிச்சாம்பல் விஷயத்தைக் கொண்டுவந்தவர் கோலாலம்பூரிலிருந்து வந்த எஞ்சினியர். தமிழர்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியாக, கழுத்துப் பட்டன்வரை போட்ட சட்டையோடு, ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஏதோ ஆராய்ச்சி நிலையம் அனுப்பியதாம். கோத்தா ஊர்ப்பக்கத்து நெல் ஆலைகளுக்கு வெளியே உமி மலைபோல் குவிந்து, நாள்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். அதை எடுத்து அளவாகச் சுட்டு, அரைத்துச் சிமெண்டில் கலந்தால் கல் உறுதியாக நிற்கும் என்றார். தவுக்கேக்கு உமி சும்மா கிடைக்கிறது என்ற ஒரு காரணமே போதுமாக இருந்தது.

எனக்குப் போதவில்லை. முதல் நாளே கேட்டேன்.

"எதுக்கு சார் இவ்வளவு கஷ்டம்? சிமெண்டு கடையில கிடைக்குதே."

"சிமெண்டுச் சூளையில ரெண்டு புகை வருது, மிஸ்," என்றார். "ஒண்ணு எண்ணெய் எரியற புகை. அது கண்ணுக்குத் தெரியும். இன்னொண்ணு சுண்ணாம்புக் கல்லுக்குள்ளேருந்தே வர்றது. கல்லைச் சுட்டா அதுக்குள்ள அடைஞ்சிருக்கிற காத்து வெளியே போகுது. அது கண்ணுக்குத் தெரியாது. உலகம் பூரா இப்படியே சுட்டுக்கிட்டு இருந்தா, ஒருநாள் வானம் போர்வை போத்தின மாதிரி ஆயிடும். சிமெண்டைக் குறைச்சா அந்தக் காத்தும் குறையும்லா."

நான் தலையாட்டினேன். மனசுக்குள் வேறு ஓடியது. கண்ணுக்குத் தெரிந்த வியாதிக்கு மருந்து விற்பவனை நம்பலாம். கண்ணுக்குத் தெரியாத புகைக்கு மருந்து கொண்டுவருகிற ஆளை எப்படி நம்புவது? பாசார் சந்தையில் பாம்பு எண்ணெய் விற்பவனும் இப்படித்தான் மெதுவாகப் பேசுவான்.

உமியைச் சுடுவதற்கு திகாம் பத்துவிலேயே ஒரு அக்காவை வேலைக்கு எடுத்தார். நாற்பது வயதுக்கு மேல். கணவர் இல்லை. ஓட்டை போட்ட எண்ணெய்ப் பீப்பாயில் உமியைக் கொட்டி, அடியில் நெருப்பு வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நான் பஸ்ஸைவிட்டு இறங்கி வரும்போது, "பசியாறியாச்சா?" என்று முதல் குரல் அவருடையதாகத்தான் இருக்கும்.

அந்த அக்காதான் முதலில் என் காதில் போட்டார். "சாம்பல் ஒரு நாள் மாதிரி ஒரு நாள் வரமாட்டேங்குது, தங்கச்சி. காத்து அடிச்சா பீப்பாய் செவசெவன்னு ஆயிடுது. அப்ப சாம்பல் வெளுத்து, லேசா ரோஸ் கலர்ல வருது. காத்து இல்லன்னா நல்ல சாம்பக் கலரு. சார்கிட்ட சொன்னேன். பரவால்லன்னுட்டாரு."

அதற்குப் பிறகு நான் ஊசியை இன்னும் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தேன். சாம்பல் கலந்த கட்டி ஒவ்வொன்றும் சுத்தச் சிமெண்டுக் கட்டிக்குச் சமமாக உடைந்தது. ரோஸ் சாம்பல் வந்த நாளின் கட்டியும் அதே எண். சாம்பல் நிறம் வந்த நாளின் கட்டியும் அதே எண். தவுக்கே முகமெல்லாம் பல். எஞ்சினியர் தன் தடித்த நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் தோட்டத்து நிர்வாகம் கல்லுக்கு ஆர்டர் கொடுத்தது.

என் அப்பா பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர். அவரிடம் ஒருநாள் கேட்டேன். "ஒரு நிரையில இருக்கிற மரமெல்லாம் ஒரே அளவு பால் தருமாப்பா?"

"தந்தா கோப்பையில எவனோ தண்ணி ஊத்தியிருக்கான்னு அர்த்தம்," என்றார்.

அது என்னை விடவில்லை. உடைந்த கட்டியின் உள்பக்கத்தைப் பார்த்தேன். சாம்பல் கலந்தால் உள்ளே கொஞ்சம் கறுத்திருக்க வேண்டாமா? வெளிறிக் கிடந்தது. எஞ்சினியரைக் கேட்டதற்கு, "நல்லா வெந்த சாம்பல் வெளுத்துடும், மிஸ்," என்றார். பதில் சரியாகத்தான் இருந்தது. கேட்ட உடனே, தயாராக வைத்திருந்ததுபோல் வந்ததுதான் உறுத்தியது.

யாரோ கட்டியை மாற்றுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. யார் என்றுதான் தெரியவில்லை. ஆர்டர் போய்விடக் கூடாது என்று தவுக்கே செய்கிறாரா? வேலை போய்விடக் கூடாது என்று அக்கா செய்கிறாரா? தொட்டிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க இருப்பவர் அவர்தானே. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் யோசிக்காமல் கேட்டேவிட்டேன்.

"அக்கா, தொட்டியில இருக்கிற கட்டியை நீங்க மாத்துறீங்களா?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. விரல் நுனியெல்லாம் சுட்ட தழும்பு.

"நான் உமியைச் சுடறவ. உன் கல்லை நான் ஏன் தொடறேன்?" என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பசியாறியாச்சா என்ற குரல் நின்றுபோனது. என் சந்தேகம் முதலில் சாகடித்தது அந்த ஒரு நல்ல வார்த்தையைத்தான்.

அவமானமாக இருந்தது. ஆனாலும் சந்தேகம் அடங்கவில்லை. அடுத்த முறை சாம்பல் ரோஸ் நிறத்தில் வந்த நாளில், கட்டிகளை அச்சிலிருந்து எடுத்ததும் என் கொண்டை ஊசியைக் கழற்றி, ஒவ்வொன்றின் அடிப்பக்க மூலையிலும் சின்னதாக ஒரு சிலுவை கீறினேன். ஈரம் முழுசாகக் காயாத கல்லில் கீறல் நன்றாகவே விழுந்தது. தேடிப் பார்க்காதவர் கண்ணில் படாது.

இருபத்தெட்டு நாள் காத்திருப்பது அத்தனை கஷ்டம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் தோட்டத்தில் சுவர் எழும்ப ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது அம்மா எங்களுக்கென்று ஒதுக்கியிருந்த வீட்டைக் காட்டினார். இடுப்பளவு சுவர். அம்மா அதன்மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். "நீ செஞ்ச கல்லுதானே, நல்லாத்தானே இருக்கும்?" என்று கேட்டார். நான் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கல்லைத் தூக்கித் தரையில் போட்டுப் பார்த்தார். இன்னொருவர் பல்லால் மட்டும்தான் கடித்துப் பார்க்கவில்லை.

அந்த நாள் வந்தது. எஞ்சினியரே தொட்டியில் கைவிட்டுக் கட்டிகளை எடுத்துத் துணியால் துடைத்து என்னிடம் கொடுத்தார். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நம்பர் சரியாக இருந்தது. சிலுவை இல்லை. மூன்றிலும் இல்லை.

மூன்றையும் இயந்திரத்தில் வைத்து உடைத்தேன். வழக்கம்போல அதே எண். அவர் எழுதிக்கொண்டு, சுங்கைப் பட்டாணியில் வேலை இருக்கிறது என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் தேட ஆரம்பித்தேன். ஸ்டோர், மணல் மேடு, உடைந்த குழாய் போடும் இடம் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் பின்பக்கம் கொட்டி வைத்திருந்த உமிக் குவியலில் கையை விட்டபோது கல் தட்டுப்பட்டது. மூன்று கட்டி. மூன்றிலும் என் சிலுவை. தூக்கிக்கொண்டு போய் இயந்திரத்தில் வைத்தேன். பாதி எண்கூட வரவில்லை. டப் என்று உடைய வேண்டியது, காய்ந்த ரொட்டி நொறுங்குவதுபோல் நொறுங்கியது. எனக்கு வந்தது ஆத்திரமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நொறுங்கியதை அப்படியே இயந்திரத் தட்டில் விட்டு வைத்தேன். அவர் திரும்பி வந்து உள்ளே நுழைந்தவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பொய் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ஹெல்மட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"சுத்தச் சிமெண்டுல ஒப்பிட ஊத்துறோம்ல, அதுல நீங்க இல்லாதப்ப மூணு கட்டி கூடுதலா ஊத்துவேன்," என்றார். "அதுக்கு இந்த நம்பரைப் போட்டுடுவேன்."

"எத்தனை தடவை சார்?"

"மோசமா வர்ற நாள்லாம்." ஹெல்மட்டைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். "கோலாலம்பூர் லேப்புல நல்லா வந்துச்சு, மிஸ். சத்தியமா வந்துச்சு. இங்க பீப்பாய்ல சூடு கைக்கு அடங்கமாட்டேங்குது, சூடு மீறுன சாம்பல் சிமெண்டோட பிடிக்காது. ஆரம்பத்துலேயே மோசம்னு எழுதினா தவுக்கே நிறுத்திடுவாரு. அப்புறம் இந்த நாட்டுல யாரும் பத்து வருஷத்துக்கு இதைத் தொடமாட்டாங்க. இன்னும் ரெண்டு மாசம் கிடைச்சா சரி பண்ணிடுவேன்."

"அதுவரைக்கும் எங்கம்மா எந்த வீட்டுல சார் இருக்கிறது?"

அவருக்கு அது தெரியாது. எந்தத் தோட்டம் என்பது தெரியும், அங்கே யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது. "ஒத்தை மாடி வீடுதானே, தாங்கும்..." என்று இழுத்தார்.

"தாங்கும்னா ஏன் சார் மாத்துனீங்க?"

அவர் தட்டில் கிடந்த தூளைப் பார்த்தார்.

நாளைக் காலைக்குள் தவுக்கேயிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். சொல்லிவிட்டு பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது, ஓடிப்போக அவருக்கு ஒரு ராத்திரி முழுசாகக் கொடுத்திருக்கிறேன் என்று. மறுநாள் தொழிற்சாலை வாசலில் அவருடைய மோட்டார் சைக்கிள் இல்லை. அவ்வளவுதான், போயாச்சு என்று நேராகத் தவுக்கே ஆபிசுக்குப் போனேன். கதவைத் திறந்தால் எஞ்சினியர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். விடிந்ததும் தவுக்கே வீட்டுக்கே போய்ச் சொல்லி, அவர் காரிலேயே வந்திருந்தார்.

தவுக்கே முதலில் என்னைத்தான் திட்டினார். அவர் மலாயில் திட்டினால் நிறுத்த மாட்டார். ஏன் முதலில் தன்னிடம் வரவில்லை என்று கேட்டார். பிறகு குரலை இறக்கி, சுவர் பாதிக்குமேல் எழும்பிவிட்டதே, மேலே பூசிவிட்டால் யாருக்குத் தெரியும் என்றார். அங்கேதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது.

"பூசக் கூடாது," என்றார் எஞ்சினியர். "நான் போய்ச் சொல்றேன்."

அடுத்த நாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், பால்வாளியும் கத்தியுமாக எல்லாரும் நின்றுகொண்டிருக்க, நிர்வாகியின் பக்கத்தில் நின்று அவரே சொன்னார். கலவை சரியாக வரவில்லை, கட்டியை மாற்றி வைத்துக் கணக்கு எழுதினேன், தப்பு என்னுடையது என்றார். கூட்டத்தில் முதலில் அப்பாதான் வாயைத் திறந்தார்.

"அன்னிக்குச் சொன்னது பொய்யின்னா, இன்னிக்குச் சொல்றது மட்டும் உண்மைன்னு நாங்க எப்படி நம்புறது?"

சிலர் சிரித்தார்கள். எஞ்சினியர் சிரிக்கவில்லை. "நம்ப வேணாம் ஐயா. வந்து உடைச்சுப் பாருங்க," என்றார்.

அப்பா ஒரு சம்மட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு எங்களுக்கு ஒதுக்கிய வீட்டுக்கே போனார். முதல் அடியிலேயே மூலைக்கல் பொடிந்தது. பெண்கள் "ஐயோ" என்றார்கள். அடுத்த கல்லும் பொடிந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு கல்லை அடித்தார். அது உடையவில்லை. மறுபடி அடித்தார். பொறி பறந்தது. அப்பா கையை உதறிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இது மட்டும் ஏம்மா உடையமாட்டேங்குது?"

குனிந்து சில்லு தெறித்த ஓரத்தைப் பார்த்தேன். நல்ல கறுத்த சாம்பல் நிறம். காற்று இல்லாத நாளில் அக்கா சுட்ட சாம்பல். எஞ்சினியரும் அதைப் பார்த்தார். ஊரே திட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். நடிக்கிறாரோ என்றும் நினைத்தேன். என் புத்தி அப்போது அப்படி ஆகியிருந்தது.

சுவர்கள் எல்லாவற்றையும் இடித்தார்கள். தவுக்கே முனகிக்கொண்டே சுத்தச் சிமெண்டுக் கல் கொடுத்தார். ஆராய்ச்சி நிலையம் எஞ்சினியரைத் திரும்ப அழைத்தது. விசாரணை ஆரம்பமாகும்வரை அவருக்குச் சில வாரம் இருந்தது. அந்த வாரங்களைக் கொடுக்கும்படி தவுக்கேயைக் கெஞ்சினார். தவுக்கே என்னைப் பார்த்தார். நான் நிபந்தனை போட்டேன். தொட்டிக்குப் பூட்டு. சாவி என்னிடம். கட்டியை அவர் தொடவே கூடாது.

முதல் வேலையாக அக்காவிடம் போனேன். "தப்பா பேசிட்டேன்கா," என்றேன். அவர் உமியைக் கிளறிக்கொண்டே, "நீ பேசினதுக்கு நான் ரெண்டு நாள் சோறு திங்கல," என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் நகர்ந்து உட்கார இடம் கொடுத்தார்.

வழி கண்டுபிடித்ததும் அவர்தான். பீப்பாயே வேண்டாம் என்றார். தரையில் செங்கல் அடுக்கி, முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் உமியைப் பரப்பி, மேலிருந்து நெருப்பு வைத்தார். கொழுந்து விடாமல் அது பாட்டுக்குக் கனிந்து இறங்கியது. காற்றடிக்கும் பக்கம் தகரத்தை நிறுத்தினார். இரண்டு நாள் ஆகும். ஆனால் சாம்பல் ஒவ்வொரு தடவையும் நல்ல சாம்பல் நிறத்திலேயே வந்தது. எஞ்சினியர் குழந்தைபோல் அவர் பின்னாலேயே நடந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

இருபத்தெட்டாம் நாள் நானே பூட்டைத் திறந்து எடுத்து உடைத்தேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றார். ஒன்று சிமெண்டுக் கட்டிக்குச் சமமாக வந்தது. ஒன்று கொஞ்சம் குறைவு. ஒன்று கூடுதல். எண்ணைச் சொன்னேன்.

"மூணும் வேற வேறயா?" என்று கேட்டார்.

"வேற வேற."

"அப்ப உண்மைதான்," என்று சொல்லிவிட்டு, என் முன்னாலேயே சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவருக்கு வேலை தங்கவில்லை. தான் செய்த தப்பையும் சேர்த்தே அறிக்கையில் எழுதியிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தச் சாம்பல் கலவையில் தவுக்கே கான் மூடியும் ஓரக்கல்லும் போட்டு விற்றார். வீட்டுக்கு மட்டும் யாரும் வாங்கவில்லை. எங்கள் தோட்டத்திலும் கிணற்றடியில் தளம் போட மட்டும் ஒத்துக்கொண்டார்கள், அதையும் ஒரு வருஷம் சந்தேகத்தோடுதான் மிதித்தார்கள்.

விசாரணைக்காக ஆராய்ச்சி நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். என் நோட்டைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள். மோசமான எண்ணையும் நல்ல எண்ணையும் நான் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தேன். கொஞ்ச நாளில் பினாங்கில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அப்பா அதை மூன்று தடவை படிக்கச் சொன்னார். "எதுக்கு உன்னைத் தேடி வர்றாங்க? உள்ள ஏதாச்சும் இருக்கும்லா," என்றார்.

எனக்கும் அதே எண்ணம்தான். சேர வேண்டிய தேதிக்கு ஒரு வாரம் முன்னால், யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்து, கப்பல் ஏறி அக்கரை போய், அந்தக் கூடத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். வாடிக்கையாளர்போல உள்ளே போய் அமுக்கும் இயந்திரத்தைப் பார்த்தேன். ஊசி சுழியத்தில் நிற்கிறதா என்று பார்த்தேன். அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெண்ணிடம், "மோசமா வந்த கல்லை என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நம்பர் போட்டு அலமாரியில வைப்போம். நீங்க யாரு?" என்றாள்.

அடுத்த வாரம் வேலைக்குச் சேர்ந்தேன்.